பொந்தைக்குப் பாரமாகப் படுத்த காலம்

போன வாரம் கூரியரில் ஒரு டப்பா வந்தது. பிரித்தால் உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் கிளிப்புகள், சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக. துணி காயப்போடுகிற கிளிப் குட்டி போட்ட மாதிரி இருந்தன. தைக்கும்போது துணி அடுக்குகள் நகராமல் பிடித்துக்கொள்வதற்காம். உங்கள் அம்மா ஒன்றை எடுத்துத் தன் சுண்டுவிரலைக் கடிக்கவிட்டுப் பார்த்து, "நல்லாதான் புடிக்குது" என்றாள்.

அப்போது சின்னவன் கேட்டான்: "இது வர்றதுக்கு முன்னாடி எத வெச்சும்மா புடிச்சீங்க?"

"உங்கப்பாவ வெச்சு" என்றாள் அம்மா.

நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அம்மா கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டீர்கள். அவள் கிண்டல் செய்யவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள். முழுசாகச் சொல்லலாம் என்றால் நீங்கள் சிரிப்பதை நிறுத்தவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கையால் வரிசை வரிசையாகத் தைத்துப் போடும் கனமான விரிப்புக்கு நம் பக்கத்தில் பொந்தை என்று பெயர். ஆந்திரா எல்லை பக்கத்திலேயே இருப்பதால் அங்கிருந்து வந்த சொல்லாக இருக்கும். பெரியவள் இப்போது அதை 'குயில்ட்' என்கிறாள். எப்படிச் சொன்னாலும் துவைத்துப் பிழிய இரண்டு ஆள் வேண்டும்.

இன்றைக்கு அம்மாவிடம் என்னென்ன இருக்கிறது பாருங்கள். மோட்டார் வைத்த மெஷின். பீட்சா வெட்டுகிற மாதிரி உருட்டி வெட்டும் வட்டக் கத்தி. கத்தி தரையைக் கீறாமல் இருக்க, கட்டம் போட்ட ஒரு பச்சை ரப்பர் விரிப்பு. தண்ணீர் பட்டால் அழிந்துபோகும் பேனா. நடுவில் வைக்க மெத்மெத்தென்று ஒரு பஞ்சு விரிப்பு. இதற்கெல்லாம் மேலே, செல்போனில் "ஹாய் ஃபிரெண்ட்ஸ்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்மணி. அந்தம்மா சொன்னால் நம் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

நான் சொல்லும் காலத்தில் இருந்தது ஒரு கோணூசி. அதாவது சாக்கு தைக்கிற பெரிய ஊசி. நூலுக்குக் கடைக்குப் போவதில்லை. வீடு கட்டுகிற இடத்தில் காலியான சிமென்ட் மூட்டை கிடக்கும். அதன் வாய்த் தையலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்த நூலும் கையோடு வந்துவிடும். தப்பான முனையைப் பிடித்தால் பொழுது சாயும்வரை இழுத்தாலும் வராது. ஊசியைத் தள்ளும்போது விரலில் குத்தாமல் இருக்க, ஒரு சோடா மூடியைத் தட்டித் துணியில் வைத்து விரலில் கட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான் சாமான்.

இதில் கைகாரி என் அக்கா, உங்கள் எளாவூர் அத்தை. தைக்கும்போது ஊசியைப் பார்க்கவே மாட்டாள். யாரோடு பேசுகிறாளோ அவர் முகத்தைத்தான் பார்ப்பாள். "ஊசிய பாத்துகினே தெக்கிறவளுக்கு தெக்கத் தெரியலன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொள்வாள். ஒவ்வொரு சாணுக்கும் நூலைப் பின்னால் திருப்பி ஒரு முடிச்சுப் போடுவாள். எங்காவது ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற இடம் பிரியாது. அவள் தைத்த பொந்தையில் புடவை கிழியும், தையல் பிரியாது.

சிக்கல் புடவையில் இருந்தது. நூல் புடவைகளாக இருந்தவரை அடுக்கி வைத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தன. பிறகு எல்லோரும் பாலியஸ்டர் கட்ட ஆரம்பித்தார்கள். பழையதாகி வந்ததும் பாலியஸ்டர்தான். அதை அடுக்கினால் ஒன்று கிழக்கே போகும், ஒன்று மேற்கே போகும். மேலே ஏதாவது பாரம் வைத்தால்தான் தைக்க முடியும். அம்மிக்கல் வைக்கலாம். பொன்னேரியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் அம்மி இல்லை. மிக்சிதான் இருந்தது. மிக்சியை வைத்துப் பார்த்தார்கள். புடவை மிக்சியையும் கூட்டிக்கொண்டு போயிற்று.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கன்ட்ராக்ட் தொழிலாளி. தகட்டை அமுக்கி வளைக்கிற பிரஸ் மெஷினில் வேலை. பாதி நாள் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து நாஷ்டா சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் மதியம்வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்குவேன். இருந்தது ஒரே ஒரு கூடம். நான் படுத்தால் அவர்கள் பொந்தை விரிக்க இடமில்லை. பொந்தை விரித்தால் நான் படுக்க இடமில்லை.

ஒருநாள் அக்காதான் வழி சொன்னாள். "நைனா, நீ இதும்மேலயே படு."

படுத்தேன். புடவைகள் நகரவில்லை. உங்கள் அம்மா சுற்றிவந்து நாலு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணி, அம்மிக்கல்லவிட இதான் நல்லா கீது" என்றாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டே உள்ளே வருவார்கள். நான் கிடக்கும் இடம் வந்ததும் ஊசியின் காதுப் பக்கத்தால் என் விலாவில் ஒரு தட்டு தட்டி, "திரும்பு" என்பார்கள். நான் ஒரு உருளல் உருண்டு, தைத்து முடித்த பக்கத்துக்குப் போவேன். கொஞ்ச நாளில் தூக்கம் கலையாமலே உருளப் பழகிவிட்டேன். ஒரு தடவை கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தபோது பின்சீட்டுக்காரர் டிரைவரைப் பார்த்து, "அண்ணே, லெஃப்ட்ல திரும்பு" என்றார். நான் சீட்டிலிருந்து உருண்டு பஸ்ஸின் தரையில் விழுந்தேன்.

வாடகை வீட்டுக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் ஏதாவது வழி செய்துகொள்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். பிறகு விசாரித்ததில் அப்படி யாரும் செய்யவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். பெரியவள் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சின்னவன் பிறக்கவில்லை. கம்பெனியில் கன்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பர்மனென்ட் செய்வதாகச் சொல்லி என்னையும் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின தடவை கூப்பிட்ட அன்று எனக்குக் காய்ச்சல், போகவில்லை. இன்னொருவனை எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை தவறினால் மூன்றாவது தடவை கூப்பிட மாட்டார்கள் என்று சூப்பர்வைசர் தெளிவாகவே சொல்லிவிட்டார். பர்மனென்ட் ஆகாவிட்டால் அடுத்த கன்ட்ராக்ட் மாறும்போது வேலையே இருக்காது. ஒரு மாசமாக வீட்டில் வேறு பேச்சு இல்லை.

முந்தின இரவும் எனக்கு நைட் ஷிஃப்ட். நேர்காணல் மதியம். மத்தியான ஷிஃப்ட் பஸ்ஸில் போகவேண்டும். அந்த பஸ் எங்கள் தெருமுனையில் ஒரு ஹாரன் அடிக்கும், நின்ற மாதிரி காட்டும், போய்விடும். அதனால் நான் முன்யோசனையாக ஒரு காரியம் செய்தேன். குளித்து, இஸ்திரி போட்ட யூனிஃபார்ம் பேன்ட் சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். ஹாரன் கேட்டால் எழுந்து ஓடவேண்டியதுதான் பாக்கி. இன்னொரு செட் யூனிஃபார்ம் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

அன்று அத்தை வந்திருந்தாள். அவள் மகளுக்குப் பிறந்த குழந்தைக்காகப் பெரிய பொந்தை ஒன்று பாதியில் இருந்தது. வழக்கம்போல அதன்மேல் படுத்தேன். பேன்ட் கசங்கக் கூடாது என்று மல்லாந்து, கால் இரண்டையும் நீட்டி, ஆடாமல் அசையாமல் படுத்தேன். பலாப்பழ சீசன். ஈ மொய்த்தது. மேல்புடவையின் தைக்காத ஓரத்தை இழுத்துக் காலுக்குமேல் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன்.

என் கால் இப்போது பொந்தையின் மேலே இல்லை. அடுக்குக்கு நடுவில் இருந்தது.

அத்தை வந்து உட்கார்ந்தாள். அம்மாவும் அவளும் ஒரு கல்யாணத்தில் சாப்பாடு போதாமல் போன கதையைப் பேச ஆரம்பித்தார்கள். அத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே தைத்துக்கொண்டு வந்தாள். நடுவில், "திரும்பு" என்று சொல்லியிருக்கிறாள். எப்போதும் உருளும் நான், அன்றைக்கு இஸ்திரி கலையக் கூடாது என்று தூக்கத்திலும் நினைவாக இருந்திருக்கிறேன். உருளவில்லை. உருண்டிருப்பான் என்று அவள் மேலே தைத்துக்கொண்டே போய்விட்டாள்.

ஹாரன் கேட்டது. எழுந்தேன். பொந்தையும் என்னோடு எழுந்தது.

"ஐயோ, ஏங்க, நடக்காதீங்க, நில்லுங்க!" என்று அம்மா கத்தினாள்.

"அக்கா, இன்னாக்கா பண்ணி வெச்சிருக்கே?"

"நான் இன்னா பண்ணேன்? பொடவைக்குள்ள உன் காலு ஏன் வந்துச்சு?"

"ஈ மொச்சிதுக்கா."

"ஈ மொச்சா கால உள்ள வெச்சிகினு படுப்பியா? நீ இன்னா தலைகாணிக்குப் பஞ்சா?"

இரண்டு பேன்ட் காலும் கெண்டைக்காலுக்குக் கீழே பொந்தையோடு சேர்ந்து தைத்திருந்தது. அம்மா கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். நூல் இரண்டு புடவைக்கு நடுவில், பேன்ட்டோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத நூலை வெட்டினால் பேன்ட்டும் கிழியும். மாற்றுப் பேன்ட் வாளியில். ஹாரன் இரண்டாவது தடவை கேட்டது. அந்த பஸ் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் இரண்டு தடவை ஹாரன் அடித்தது என்று நினைக்கிறேன்.

அத்தை கோணூசியைத் தலைமுடியில் செருகிக்கொண்டாள். பொந்தையைச் சுருட்டி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நட நைனா. போறப்பவே பிரிச்சிடறேன்" என்றாள்.

நான் முன்னால், அவள் பின்னால், நடுவில் பொந்தை. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பஸ் படியில் ஏறும்போது டிரைவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாண்ணா, படுக்கையோட கெளம்பிட்ட? கம்பெனிலயே தங்கிடப் போறியா?"

"இன்டர்வியூ தம்பி" என்றேன்.

"இன்டர்வியூல தூங்கிக் காட்டச் சொன்னாங்களா?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். பஸ் முழுக்கச் சிரித்தது. ஆனால் இடம் விட்டார்கள். அத்தை சீட்டுகளுக்கு நடுவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் இடது காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஊசி முனையால் ஒவ்வொரு தையலாக நெம்ப ஆரம்பித்தாள்.

அவள் தையல்தான் பிரியாத தையலாயிற்றே. சாணுக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சுக்கும் திட்டினாள். "எவ அவ, இந்த மாரி இறுக்கி வெச்சிகிறா?"

"நீதாங்க்கா."

பக்கத்தில் நின்ற வெல்டர் குனிந்து பார்த்துவிட்டு, "என் வெல்டிங்கூட இவ்ளோ ஸ்ட்ராங் இல்லக்கா" என்றார்.

அத்தை திட்டுவதை மறந்துவிட்டாள். "பின்ன? பத்து வருஷம் போட்டு அடிச்சித் துவை. ஒரு நூலு வெளிய வராது."

"அக்கா, இன்னிக்கு வெளிய வரணும்க்கா" என்றேன். எனக்கு அழுகை வருகிற நிலைமை.

பஸ் ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டது. "டிரைவர் தம்பி! மெதுவா வுடு. ஊசி இவன் காலுக்குள்ள பூந்துகினா, அப்பறம் இவன் எப்பவும் பொந்தையோடதான் திரியணும்!"

கவரப்பேட்டை தாண்டும்போது இடது கால் விடுபட்டது. பஸ்ஸில் சிலர் கை தட்டினார்கள். வலது கால் கம்பெனி கேட் வந்தும் விடவில்லை.

கேட்டில் செக்யூரிட்டி வழி மறித்தார். என்னை அவருக்குத் தெரியும். பொந்தையைத் தெரியாது.

"இது இன்னா மெட்டீரியல்? உள்ள போனா வெளிய எடுத்தாற கேட் பாஸ் வேணும்."

"மெட்டீரியலும் போவல, ஒண்ணும் போவல. ஆளு மட்டும்தான் போவான். செத்த இருப்பா" என்று அத்தை அவருடைய ஸ்டூலையே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசி முடிச்சு ஊசிக்கு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு வந்தது. கூடவே டெய்லர் போட்ட பேன்ட் மடிப்பும் மொத்தமாகப் பிரிந்து, வலது கால் துணி தரையைத் தொட்டது. பிரித்த சிமென்ட் நூலையே ஊசியில் கோத்து, கண்மூடித் திறப்பதற்குள் மடித்துத் தைத்துவிட்டாள். நீல பேன்ட்டில் பட்டை பட்டையாக வெள்ளைத் தையல். "ஓடு" என்றாள்.

ஏசி ரூமில் மேனேஜரும், ஆள் எடுக்கும் பிரிவு மேடம் ஒருவரும் இருந்தார்கள். மெஷினைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் சரியாகவே சொன்னேன். கடைசியாக மேனேஜர் கேட்டார். "நைட் ஷிஃப்ட்ல பிரஸ்ல கண் அசந்தா கை போயிடும். பகல்ல வீட்டுல நல்லா தூங்கறீங்களா?"

"நல்லா தூங்குவேன் சார். திரும்பச் சொன்னா மட்டும் திரும்புவேன்."

"யாரு திரும்பச் சொல்றாங்க?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கேட்டால் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று, பாலியஸ்டர் புடவை வழுக்குவதில் ஆரம்பித்து, மிக்சி நகர்ந்தது, விலாவில் ஊசிக் காது தட்டுவது, இன்றைக்கு பஸ் வந்தது வரை சொல்லிவிட்டேன். மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. குனிந்து என் பேன்ட் கால் தையலைப் பார்த்தார். "கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

வெளியே நாற்காலி இருந்தது. உட்காரவில்லை. வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி நின்றேன். காய்ச்சல் என்றால் ஊர் ஏற்றுக்கொள்ளும். பொந்தையால் வேலை போனது என்றால் யார் ஏற்றுக்கொள்வார்கள்?

திரும்பக் கூப்பிட்டார்கள். "உங்க வேலையில குறை இல்ல. பர்மனென்ட் பண்றோம். ஆனா இப்படித் தூங்கற ஆளை நைட்ல பிரஸ் முன்னாடி நிக்க வைக்க முடியாது. ஸ்டோர்ஸ்ல போடறோம். ஜெனரல் ஷிஃப்ட். தினமும் காலையில வந்து சாயந்தரம் போங்க" என்றார் மேனேஜர். நான் இரண்டு தடவை நன்றி சொன்னேன். மூன்றாவது தடவைக்கு மேடம் கதவைத் திறந்துவிட்டார்.

கேட்டுக்கு ஓடினேன். அங்கே அத்தை செக்யூரிட்டி அறை பெஞ்சில் பொந்தையை விரித்து, பிரித்த இடத்தை மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள். அதன் ஒரு மூலையில், பாரத்துக்கு, அந்த செக்யூரிட்டியே உட்கார்ந்திருந்தார். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"எழுந்திரிக்காதப்பா. இந்த வரிசை முடியட்டும்."

"அம்மா, லாரி நிக்குது. என் வேல பூடும்மா."

"அக்கா, பர்மனென்ட் ஆயிடுச்சுக்கா!" என்றேன்.

அத்தை ஊசியைப் போட்டுவிட்டு என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் திருஷ்டி கழித்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. செக்யூரிட்டி அந்தச் சமயம் பார்த்துத் தப்பி ஓடிக் கேட்டைத் திறந்தார். ஜெனரல் ஷிஃப்ட் என்பதையும் சொன்னேன்.

"அப்ப பகல்ல ஊட்ல இருக்க மாட்டியா?"

"மாட்டேங்க்கா."

"இது இன்னும் பாதிதான் நைனா முடிஞ்சிகீது."

வீட்டில் அம்மா கேசரி செய்தாள். தெருவுக்கே கொடுத்தாள். எல்லோரும் போன பிறகு சுருட்டி வைத்த பொந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சந்தோஷம்தான். ஆனா வேற இன்னாத்த வெக்கிறது?" என்றாள்.

தண்ணீர் கேன் வைத்தார்கள். மூடி ஒழுகி, பொந்தை காய நாலு நாள் ஆனது. செங்கல் வைத்தார்கள். செம்மண் கறை ஏறியது. கடைசியில் அத்தை தன் வீட்டுக்காரரை, உங்கள் லாரி டிரைவர் மாமாவை, லோடு இல்லாத ஒரு வாரம் எளாவூரிலிருந்து இட்டுவந்தாள். மாமாவின் எடை என்னைப்போல ஒன்றரை மடங்கு. இரண்டு பேருக்கும் ரொம்ப நம்பிக்கை.

நான் சாயந்தரம் வேலை முடிந்து வந்தபோது மாமா பொந்தையின் நடுவில் எழுந்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் காலி டீ கிளாஸ்கள். அம்மாவும் அத்தையும் ஆளுக்கொரு மூலையில்.

"இன்னா மாமா, தூங்கலையா?"

"எங்கடா தூங்க வுடறாங்க? கண்ண மூடுனா 'திரும்பு'ங்கறாங்க. எந்தப் பக்கம், முன்னாடி இன்னா வருதுன்னு சொன்னாதான திரும்புவேன்? பேஜாரு புடிச்ச வேலடா இது."

அத்தைக்கு ஆத்திரம். "முப்பது டன்னு லோடு இழுப்பாராம். ஒரு பொடவைய அமுக்கத் துப்பில்ல."

அந்தப் பொந்தையை முடித்துக் குழந்தைக்குப் போட்டார்கள். எப்படி முடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. முதல் பர்மனென்ட் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா பேச்சே எடுக்காமல் என்னைப் பொன்னேரி பஜாரில் தையல் மெஷின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அத்தையும் கூட வந்தாள், குறை சொல்வதற்காக.

கடைக்காரர் ஒரு மெஷினில் துணியை வைத்து, பின்னால் இருந்த சின்ன நெம்புகோலை இறக்கினார். இரும்புக் கால் ஒன்று இறங்கித் துணியை அமுக்கிக்கொண்டது. "தைக்கிற எடத்த இதுவே புடிச்சிக்கும்மா. நீங்க மிதிச்சா போதும்" என்றார்.

அம்மா துணியை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அத்தையும் இழுத்துப் பார்த்தாள்.

"இது டீ கேக்காதில்ல?" என்றாள் அத்தை.

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா அதையே கட்டச் சொன்னாள். ஷேர் ஆட்டோவில் இடம் பற்றவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டு, மெஷினையும் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, என்னைப் பின்னால் நடந்து வரச் சொல்லிவிட்டுப் போனார்கள்.